ஏழேமுக்கால் மணிச் சோறு

ஜூன் 3, திங்கள்

பதவி உயர்வுப் பட்டியல் இன்று வெளியாயிற்று. என் மனைவி வசந்தாமணியின் பெயர் மூன்றாம் முறையாக அதில் இடம்பெற்றிருக்கிறது. கணிதப் பட்டதாரி ஆசிரியையாக இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியவளுக்கு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியை பதவி. கலந்தாய்வு இம்மாதம் 19ஆம் தேதி. அவளுடைய வரிசை எண் கீழே இருப்பதால், அவள் முறை வரும்போது தாளவாடி மலைப்பகுதிப் பள்ளிகளே மிஞ்சியிருக்கும். எங்கள் ஊரான கோபியிலிருந்து அங்கே தினமும் போய்வர இயலாது. திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்க வேண்டிவரும்.

முன்பு இருமுறை அவள் உரிமைவிடல் கடிதம் கொடுத்தாள். பதவி உயர்வு இப்போது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் மூன்றாண்டுகளுக்குப் பெயர் பட்டியலில் வராது, அவ்வளவே. இரண்டு கடிதங்களையும் நானே வரைந்தேன். நான் சார்பு நீதிமன்றத்தில் சிரஸ்தார். வருகிற மனுக்களைப் படித்து, குறை கண்டு, திருப்பி அனுப்புவது என் பணி. ஆகவே என் வரைவில் பிறர் குறை காண இடம் வைப்பதில்லை. மூன்றாவது கடிதத்தையும் இன்று மாலையே வரைந்து அவள் மேசையில் வைத்துவிட்டேன். கையொப்பம் மட்டும் பாக்கி.

இரவு அரிசியும் பருப்பும். இதைப் பற்றி ஒருமுறையாவது முறையாக எழுதிவைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். அரிசி, துவரம் பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, சீரகம், தக்காளி, மஞ்சள் எல்லாம் ஒரே குண்டாவில் வேகிற எளிய சோறுதான். கொங்கு நாட்டில் அதைச் செய்யாத வீடு கிடையாது. ஆயினும் வசந்தாமணி மூடியைத் திறக்கும்போது எழுகிற ஆவியில் எழுபத்தொன்பது வயதான என் தந்தையாரும் பதினாறு வயதான என் மகன் அகிலனும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து உட்காருகிறார்கள். கல்லூரி இறுதியாண்டு படிக்கும் மகள் பூவிழி கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறாள். ஏழேமுக்கால் மணிக்கு ஐவரும் அமர்வது இவ்வீட்டின் விதி. அந்த விதியை இயற்றியவன் நான். இருபத்து மூன்று ஆண்டுகளாக அதை நடத்திக்காட்டுகிறவள் அவள். ஐந்து தட்டுகளிலும் ஒரு பருக்கையும் மீந்ததில்லை. இதுபோல ஒரு குடும்பத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சாப்பிட்ட பின் இதையே அவளிடமும் சொன்னேன். இந்த வீட்டின் இரவுச் சாப்பாட்டை அவளைத் தவிர வேறு யாராலும் நடத்த முடியாது என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன். அவள் குண்டாவில் தண்ணீர் ஊற்றியபடியே கேட்டாள்:

“யாராலயும் முடியாதுங்களா?”

யாராலும் முடியாது என்றேன்.

“சோதிச்சுப் பாத்துட்டுச் சொல்றீங்களா, சோதிக்காமயே சொல்றீங்களா?”

சான்றின்றி முடிவு கூறுவது என் வழக்கமில்லை. அந்தக் குறையை அவள் சுட்டிக்காட்டியது சரியே.

ஜூன் 4, செவ்வாய்

நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதினேன். நாளை முதல் 14ஆம் தேதி வரை பத்து இரவுகள் நானே சமைக்க வேண்டும். அவள் சமையலறைக்குள் நுழையலாகாது. சமையல் குறித்து நான் அவளிடம் எதுவும் கேட்கலாகாது. பத்தில் ஏதேனும் ஓர் இரவு, ஏழேமுக்கால் மணிக்கு ஐவரும் ஒன்றாக அமர்ந்து, ஐந்து தட்டும் காலியாக எழுந்துவிட்டால், அவள் மலைக்குப் போகத் தடையில்லை. அவ்வாறு ஓர் இரவும் அமையாவிட்டால் கடிதத்தில் கையொப்பமிட வேண்டும்.

வசந்தாமணி தாளை இருமுறை படித்தாள். “அஞ்சு தட்டும் காலியாகோணுமுங்களா?” என்றாள்.

அவள் தினந்தோறும் செய்வதைத்தானே நான் ஒரே ஒருநாள் செய்ய வேண்டும் என்கிறேன், பத்துக்கு ஒன்று என்பது மிகத் தாராளமான வரம்பு என்றேன். அவள் என்னைச் சிறிது நேரம் பார்த்துவிட்டுக் கையொப்பமிட்டாள். பூவிழி சாட்சிக் கையொப்பமிட்டாள். அகிலனுக்கு வயது போதாது.

ஜூன் 5, புதன்

முதல் நாள். நேற்றிரவும் அவள் அரிசியும் பருப்பும் சமைத்தபோது சமையலறை வாயிலில் நின்று அளவுகளைக் குறித்திருந்தேன். அரிசி இரண்டு டம்ளர், பருப்பு முக்கால் டம்ளர், தண்ணீர் ஆறேகால், வெங்காயம் இருபத்திரண்டு. அதே குண்டா, அதே அடுப்பு. அளவில் எள்ளளவும் பிழையில்லை என்று உறுதி கூறுவேன்.

நான் வகுத்த முறைப்படி மூத்தவரான தந்தையாருக்கு முதலில் பரிமாறினேன். அவர் ஒரு வாய் உண்டுவிட்டு, பல்லில்லாத மனிதனுக்கு இப்படி விரைப்பாகப் போட்டால் எப்படி என்றார். பூவிழி, இது ஏன் இப்படிக் குழைந்திருக்கிறது, அம்மா செய்தால் பருக்கை பருக்கையாக உதிருமே என்றாள். அகிலன் தட்டைத் துழாவிப் பார்த்து, “மொறுமொறுப்பே காணோமே” என்றான்.

ஒரே குண்டாவைப் பற்றி மூன்று வாக்குமூலம். ஒருவர் விரைப்பு என்கிறார். ஒருத்தி குழைவு என்கிறாள். ஒருவன் மொறுமொறுப்பு எங்கே என்கிறான். ஒரே நிகழ்வை மூன்று சாட்சிகள் மூன்று விதமாகக் கூறினால் குறைந்தது இருவர் பொய் சொல்கிறார்கள் என்பது என் அனுபவம். யார் யார் என்று தெரியவில்லை. எனக்கு அச்சோறு குறையற்றதாகவே இருந்தது.

மூன்று தட்டுகளில் மீதம். வசந்தாமணி முழுவதும் உண்டாள்.

ஜூன் 6, வியாழன்

கொள்ளுக் கடைசல். குக்கரில் மூன்று விசில் விட்டேன், போதவில்லை. “குதிரைக்கு வெக்கறதாயிருந்தாக்கூட வேக வெச்சுத்தாஞ் சாமி வெப்பாங்க” என்றார் தந்தையார்.

ஜூன் 7, வெள்ளி

தோசை, நிலக்கடலைச் சட்னி. சட்னியைப் பூவிழி பாராட்டினாள். ஆனால் தோசை ஒவ்வொன்றாகத்தான் வெந்தது. ஐந்தாம் ஆளுக்கு முதல் தோசை போகும்போது முதல் ஆள் கை கழுவிவிட்டார். வசந்தாமணி இதே ஒற்றைக் கல்லை வைத்துக்கொண்டு எப்படி ஐவரையும் ஒரே நேரத்தில் உண்ண வைத்தாள்? கேட்க நினைத்தேன். மூன்றாம் நிபந்தனை குறுக்கே நிற்கிறது. நானே எழுதியது.

ஜூன் 8, சனி

சந்தகை. அரிசி மாவை இட்லியாக அவித்து, சூடு ஆறுமுன் மூன்று கால்களுள்ள பிழியும் கருவியில் போட்டு நூலாகப் பிழிய வேண்டும். “சூடு ஆறுமுன்” என்பதன் முழுப் பொருள் இன்றுதான் விளங்கிற்று. நான் இட்லிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவை ஆறிப்போயின. கைப்பிடி அசையவில்லை. அகிலன் முழு உடலையும் கொடுத்து அழுத்தினான். கருவி அவனோடு சேர்ந்து சாய்ந்தது. பூவிழி கால்களைப் பிடித்துக்கொண்டாள். தந்தையார் தன் இருக்கையிலிருந்தே உத்தரவுகள் பிறப்பித்தார். வசந்தாமணி கூடத்தில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியதைக் கண்டேன். படித்த புத்தகம் பள்ளிக் கல்வி நிர்வாக விதிகள் பற்றியது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

இருபத்து மூன்று ஆண்டுகளாக மாதம் இருமுறையேனும் சனிக்கிழமை சந்தகை உண்டிருக்கிறேன். அவள் தனியாகப் பிழிந்திருக்கிறாள். அந்தக் கைப்பிடியை இன்றுதான் தொட்டேன்.

எட்டேகாலுக்கு, பாதி நூலும் பாதி உதிர்ந்த மாவுமாக, தேங்காய்ப் பாலில் போட்டு உண்டோம். நேரம் தவறியதால் கணக்கில் சேராது. ஆனால் அகிலன் நாளைக்கும் சந்தகையா என்று கேட்டான்.

ஜூன் 9, ஞாயிறு

விடுமுறை நாளாதலால் சிக்கலை முறையாக அணுகினேன். முதல் நாள் வாக்குமூலங்கள் மூன்றையும் மெய்யென்று கொண்டால், ஐவருக்கும் சேர்த்து நான்கு விதச் சோறு தேவை. அட்டவணை போட்டேன். ஐந்தரைக்குத் தந்தையாருக்குக் குழைந்த சோறு. ஆறேகாலுக்குப் பூவிழிக்கு உதிரி. ஏழுக்கு அகிலனுக்கு அடி முறுகவிட்டது. ஏழரைக்கு எனக்கும் வசந்தாமணிக்கும் நடுத்தரமானது. நான்கு பாத்திரங்கள்.

தந்தையார் ஆறு மணிக்கே, சூட்டோடு சாப்பிட்டுவிடுகிறேன் என்று சாப்பிட்டுவிட்டார். பூவிழி உதிரிச் சோற்றை ஆறவிட்டால் கட்டிப்படும் என்று எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அகிலன் அடுப்பருகே நின்றபடியே உண்டான். ஏழேமுக்காலுக்கு நானும் வசந்தாமணியும் மட்டும் எதிரெதிரே அமர்ந்திருந்தோம். மூன்று தட்டுகள் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்தன. அவரவருக்குப் பிடித்ததை அவரவருக்குக் கொடுத்தேன். ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை.

நான்கு பாத்திரங்களையும் தேய்க்கும்போது பூவிழி உதவிக்கு வந்தாள். “ஏப்பா, நீங்க ஜெயிச்சா அம்மா போயிருவாங்க. தோத்தா இந்தச் சோத்தை வாயில வெக்க முடியாது. எதுக்குப்பா இவ்வளவு பாடுபடறீங்க?”

எடுத்த வேலையை வேண்டுமென்றே கெடுப்பது நேர்மையன்று என்று பதில் சொன்னேன். அது உண்மை. ஆனால் அவள் கேட்டது அதையன்று என்பதும் எனக்குத் தெரியும்.

ஜூன் 10, திங்கள்

பள்ளிகள் திறந்தன. தக்காளிச் சோறு. மீதம்: மூன்று தட்டு.

ஜூன் 11, செவ்வாய்

இன்று வசந்தாமணி கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிவந்தாள். கோபியில் ஜூன் மாதத்தில் கம்பளி எதற்கு என்று கேட்டேன். தள்ளுபடியில் கிடைத்தது என்றாள். தள்ளுபடிக்கு வாங்குகிற பழக்கம் அவளுக்கில்லை.

மாலையில் ஒரு சந்தேகம் கேட்டாள். ஒரு பள்ளியில் ஆசிரியர் ஒருவர் நீண்ட விடுப்பில் போனால், தலைமையாசிரியர் தன் பொறுப்பிலேயே பாடவேளைகளை மாற்றி அமைக்கலாமா, மேலிடத்தின் ஒப்புதல் வேண்டுமா? மிகக் கூர்மையான கேள்வி. நான் அறிந்தவரை விளக்கினேன். அவள் குறுக்கே இரண்டு கேள்விகள் கேட்டாள். இரண்டாவதற்கு விதிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. என்னிடம் வருகிற வழக்கறிஞர்களில் பலருக்கு இந்தக் கூர்மை இல்லை. அரைமணி நேரம் பேசியிருப்போம். இப்படி நாங்கள் பேசி எத்தனை காலமாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். மாலை ஆறு முதல் ஏழேமுக்கால் வரை அவள் சமையலறையில் இருப்பாள். நான் இங்கே இருப்பேன்.

பேச்சில் பச்சைப்பயறு அடிப்பிடித்துவிட்டது. மீதம்: ஐந்து தட்டிலும்.

ஜூன் 12, புதன்

அகிலன் கேட்காமலே வெங்காயம் உரித்துக் கொடுத்தான். உரிக்கும் முறை சரியாக இருந்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்றேன். “அம்மா, மொட்டை மாடியில வெச்சு” என்றான். அதற்குமேல் விசாரிக்கவில்லை.

மிளகு ரசம், உருளைக்கிழங்கு வறுவல். மீதம்: இரண்டு தட்டு. முன்னேற்றம்.

ஜூன் 13, வியாழன்

இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

நீதிமன்றத்தில் இன்று வேலை அதிகம். களைப்போடு வந்து அரிசியும் பருப்பும் வைத்தேன். முதல் நாள் எடுத்த அதே அளவுகள். இறக்கியதும் என்னால் நிற்க இயலவில்லை. பரிமாறுவதை மட்டும் அவள் செய்யலாமா என்று கேட்டேன். நிபந்தனைத் தாளை எடுத்துப் பார்த்தோம். அவள் சமையலறைக்குள் நுழையலாகாது என்றுதான் இருக்கிறது. குண்டா கூடத்துக்கு வருவதற்குத் தடையில்லை. அகிலன் குண்டாவைத் தூக்கிவந்து நடுவில் வைத்தான்.

நான் எதிரே உட்கார்ந்து அவள் கையைப் பார்த்தேன். இருபத்து மூன்று ஆண்டுகளாக அந்த நேரத்தில் நான் என் தட்டைப் பார்த்திருக்கிறேன்.

மூடியைத் திறந்தாள். கிளறவில்லை. கரண்டியைப் படுக்கையாகப் பிடித்து மேல்பரப்பை மட்டும் அழுத்தாமல் அள்ளினாள். அது பூவிழி தட்டில் பூப்போல உதிர்ந்தது. பிறகு நடுவில் ஒரு குழி செய்து அங்கிருந்து எனக்கு. பிறகு குண்டாவின் ஒரு பக்கத்தில் கொதிநீர் ஒரு கரண்டி ஊற்றி, கரண்டியின் முதுகால் பாத்திரச் சுவரில் வைத்து நாலைந்து முறை மசித்து, மூடினாள். எங்களோடு இரண்டு வார்த்தை பேசினாள். அந்த இடைவெளியில் அந்தப் பக்கம் கூழாகக் குழைந்துவிட்டது; அது தந்தையாருக்கு. கடைசியாக அடியில் பொன்னிறமாகப் பிடித்திருந்த காந்தலைத் தோசைத் திருப்பியால் ஒரே தகடாகப் பெயர்த்து அகிலனுக்கு வைத்தாள். பாத்திரச் சுவரில் ஒட்டியிருந்தது அவள் தட்டுக்குப் போயிற்று.

ஒரே குண்டா. நான் சமைத்த அதே சோறு. நான்கு வேறு சோறுகள் அதற்குள் முன்பே இருந்தன. எதை எப்போது எடுப்பது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல் நாள் மூன்று சாட்சிகளும் உண்மையையே சொன்னார்கள்.

மூத்தவருக்கு முதலில் பரிமாற வேண்டும் என்று இவ்வீட்டில் விதி செய்திருந்தேன். திருமணமான நாள் முதல் அவள் அதை மீறி வந்தாள். கேட்டால், “மாமாவுக்குச் சூடு ஆறட்டுமுங்க” என்பாள். நான் பெருந்தன்மையோடு பொறுத்துவந்தேன். அந்த மீறலில்தான் இந்த வீட்டின் சாப்பாடு நடந்திருக்கிறது. என் விதியை அவள் கடைப்பிடித்திருந்தால் என் தந்தையார் விரைத்த சோற்றையும் என் மகள் குழைந்த சோற்றையும் உண்டு வந்திருப்பார்கள். நான் அதையே ஒழுங்கு என்று எழுதியிருப்பேன்.

ஐந்து தட்டும் காலி. நானே எண்ணினேன். ஏழு நாற்பத்தைந்துக்கு அமர்ந்து எட்டு பத்துக்கு எழுந்தோம். சமைத்தவன் நான் என்பதால் வெற்றி என்றும், பரிமாறியவள் அவள் என்பதால் செல்லாது என்றும் இருபக்கமும் வாதிட்டேன். பூவிழி தலையில் கைவைத்துக்கொண்டாள். வசந்தாமணிதான் முடித்துவைத்தாள்:

“விடுங்க. நாளைக்கு ஒரு நாள் இருக்குதுங்களே.”

ஜூன் 14, வெள்ளி

பத்தாம் நாள். மீண்டும் அரிசியும் பருப்பும். யாரும் ஆட்சேபிக்கவில்லை.

நானே பரிமாறினேன். மேல்பரப்பு பூவிழிக்கு. அவள் ஒரு வாய் உண்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, தலையசைத்தாள். நடு எனக்கும் வசந்தாமணிக்கும். கொதிநீர் ஊற்றி மசித்து மூடினேன். அந்த இடைவெளியில் என்ன பேசுவது என்று தெரியாமல், இன்று நீதிமன்றத்தில் மின்விசிறி பழுதானதைப் பற்றிச் சொன்னேன். தந்தையாருக்குக் கடைசிக்கு முன்னதாக வைத்தேன். அவர் குறை சொல்லாமல் உண்டார். காந்தல் தகடாக வரவில்லை, மூன்று துண்டாக உடைந்தது. அகிலன் மூன்றையும் சத்தம் வரக் கடித்துத் தின்றான். எட்டு மணிக்கு நான்கு தட்டுகள் காலி.

தந்தையாரின் தட்டு ஓரத்தில் ஒரு கைப்பிடிச் சோறு இருந்தது.

இன்னும் வேண்டுமா, போதுமா என்று கேட்டேன். வயிறு நிறைந்தது என்றார். அந்தக் கைப்பிடியைத் தவிர்த்து எல்லாம் சரி. ஆனால் நிபந்தனை நிபந்தனையே. பத்து நாளில் ஐந்து தட்டும் முறைப்படி காலியாகவில்லை, நான் தோற்றுவிட்டேன் என்று அறிவித்தேன். அறிவிக்கும்போது எனக்கு மகிழ்ச்சி ஏற்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு ஏற்படவில்லை. வசந்தாமணி யாரையும் பார்க்காமல் தண்ணீர் குடித்தாள்.

தந்தையார் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் பெயர் சொல்லிக் கேட்டார்.

“எதுக்குடா, சென்னி, தோத்த? இதா? இது தெருநாய்க்கு எடுத்து வெச்சதப்பா. மொதக் கையே அதுக்குத்தான். தெனமும் வெக்கறதுதான?”

நேற்று காலியாக இருந்ததே, நான் எண்ணினேனே என்றேன்.

“நேத்து அம்மிணி எடுத்துக்கிட்டுப் போய்ப் போட்டுட்டா. அவ எப்பவும் நீ நிமிர்றதுக்குள்ள எடுத்துருவா. நீ எங்கீடா பாத்த?”

அம்மிணி என்று அவர் சொல்வது வசந்தாமணியை. பிள்ளைகளைப் பார்த்தேன். இருவருக்கும் தெரிந்திருந்தது. அந்த நாய்க்குப் பெயர் கூட உண்டாம்.

ஆக, இந்த வீட்டில் இருபத்து மூன்று ஆண்டுகளில் ஓர் இரவு கூட ஐந்து தட்டும் காலியானதில்லை. மீந்ததில்லை என்று இந்நாட்குறிப்பில் சான்று கொடுத்தவன் நான். அவளே ஒருநாளும் எட்டியிராத அளவை அவளுடைய சாதாரண அளவு என்று எண்ணி, அதைக் கொண்டு என்னையும் அவளையும் அளந்திருக்கிறேன்.

ஜூன் 15, சனி

காலையில் அலமாரியைத் திறந்து, முந்தைய இரண்டு உரிமைவிடல் கடிதங்களின் நகல்களைப் படித்தேன். இரண்டிலும் ‘குடும்பச் சூழல் காரணமாக’ என்று காரணம் குறித்திருக்கிறேன். என்ன சூழல் என்று விவரமில்லை, யாருடைய சூழல் என்று விவரமில்லை, சான்று இணைக்கப்படவில்லை. வேறொருவர் இப்படி ஒரு மனுவைக் கொண்டுவந்திருந்தால் அன்றே திருப்பி அனுப்பியிருப்பேன்.

பின்னர் வசந்தாமணியிடம் போய், நிபந்தனை நிறைவேற்ற இயலாதது, ஆகவே ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று தெரிவித்தேன். மேசையில் வைத்த மூன்றாவது கடிதத்தைத் திரும்பப் பெற விரும்புகிறேன் என்றும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அத நான் அன்னிக்கே கிழிச்சுப்போட்டனுங்க.”

என்றைக்கு என்று கேட்டேன்.

“நீங்க வெச்ச அன்னிக்கே. அரிசி களையறதுக்கு முன்னாடி.”

அப்படியானால் இந்தப் பத்து நாள் எதற்கு என்றேன். என் குரல் சற்று உயர்ந்திருக்கலாம்.

“நான் போயிட்டா நாலு பேரும் கடையில வாங்கித் தின்னுட்டு மூலைக்கு ஒருத்தரா உக்காந்திருப்பீங்க. சமைக்கக் கத்துக்குங்கன்னு சொன்னாக் கத்துக்குவீங்களா? நீங்க ரூல் போட்டாத்தான செய்வீங்க. அதான் போட வெச்சேன்.”

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைவுகூர முயன்றேன். அந்த முகத்தைத் தேர்வு மேற்பார்வையில் இருக்கும் ஆசிரியைகளிடம் கண்டிருக்கிறேன்.

கோபம் வந்திருக்க வேண்டிய இடம். வரவில்லை. பிறகு ஒன்று மட்டும் கேட்டேன். இத்தனை ஆண்டுகள் இவ்வளவு நுட்பமாக நடத்திவந்த சாப்பாட்டை விட்டுப் போவது அவளுக்கு வருத்தமில்லையா? அவள் மடித்த துணியை மடிமேல் வைத்து நீவினாள்.

“பிடிச்சுத்தானுங்க செஞ்சேன். யாரும் அடிச்சுச் செய்யச் சொல்லலை. ஆனா அஞ்சு பேர்த்துக்கு ஒரு குண்டாங்கற கணக்கு எனக்கு எப்பவோ முடிஞ்சுபோச்சுங்க. விடை தெரிஞ்ச கணக்கையே தெனமும் போட்டுட்டு இருக்கறேன். இப்பப் பெரிய கணக்கு ஒண்ணு வருது. போட்டுப் பாக்கறனே.”

போட்டுப்பார் என்றேன்.

ஜூன் 19, புதன்

கலந்தாய்வு. தாளவாடிக்கு அருகே ஓர் உயர்நிலைப் பள்ளி. நூற்று நாற்பத்தாறு மாணவர்கள். ஆணையை அவள் இரு கையாலும் ஏந்தி, கசங்காமல் வாங்கினாள். கொதிக்கிற குண்டாவை வெறுந்துணியால் இறக்குகிற கை அது.

ஜூன் 24, திங்கள்

விடிகாலைப் பேருந்தில் போனாள். சத்தியமங்கலம் வரை உடன்சென்று மலைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன். சன்னலோரத்தில் கம்பளிச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அகிலனின் பள்ளிக் கட்டுரையைப் பற்றிச் சொன்னாள்.

ஏழேமுக்காலுக்கு நால்வர். தக்காளிச் சோறு. யாரும் இடையில் எழுந்து போகவில்லை.

ஜூன் 26, புதன்

தொலைபேசியில் பேசினாள். பள்ளியில் கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதில்லையாம். ஒன்பதாம் வகுப்பில் ஆறு பேர் வரவேயில்லையாம், நாளை அவர்கள் வீடுகளுக்கு நடந்தே போகப்போகிறாளாம். இருபது நிமிடம் மூச்சுவிடாமல் சொன்னாள். இரவு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். சற்று யோசித்து, இரண்டு வாழைப்பழமும் பாலும் என்றாள். எனக்கு மனம் கேட்கவில்லை. அவளோ நிம்மதியாக இருக்கிறது என்றாள்.

ஜூன் 28, வெள்ளி

ஏழு இருபதுக்கு வீடு வந்தாள். சற்றுக் கறுத்திருக்கிறாள்; குரல் கட்டியிருக்கிறது. தந்தையார், “டீச்சரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்க” என்றார். பூவிழி அவள் பையை வாங்கினாள். அவள் பழக்கத்தில் சமையலறைப் பக்கம் நடந்தாள். அகிலன் வாசலில் கை நீட்டி மறித்து, உட்காரச் சொன்னான்.

அரிசியும் பருப்பும் வைத்திருந்தேன். குண்டாவைக் கூடத்தில் வைத்து மூடியைத் திறந்தேன். மேல்பரப்பு பூவிழிக்கு. நடு எனக்கு. ஒரு பக்கத்தை மசித்து மூடிவைத்தேன். அப்போது வசந்தாமணியின் தட்டு என் முன்னால் நின்றது. என் கரண்டி குண்டாவின் மேல் நின்றது. அவளுக்கு எது பிடிக்கும், எங்கிருந்து எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து நாள் எழுதியதையும் மனத்துக்குள் புரட்டினேன். அவள் தட்டுக்கு எது போயிற்று என்று இருக்கிறது; அவளுக்கு எது பிடிக்கும் என்று எங்கும் பதிவில்லை.

அவளிடமே கேட்டேன்.

“தெரியலீங்க” என்றாள். அது பணிவுக்குச் சொன்ன பதிலன்று. உண்மையாகவே யோசித்துத்தான் சொன்னாள். “கடைசியா எது இருக்குதோ அதத் தின்னு பழகிட்டேன். புடிச்சுதா இல்லையான்னு பாத்ததில்லை. வெய்ங்க, பாக்கலாம்.”

மேல்பரப்பிலிருந்து ஒரு கரண்டி வைத்தேன். உண்டு பார்த்துத் தலையை ஆட்டினாள், இல்லை. நடுவிலிருந்து வைத்தேன். பரவாயில்லை என்றாள். மசித்ததில் ஒரு வாய். அதற்கு அவள் முகம் சுளித்ததும் தந்தையார் சிரித்துவிட்டார். தந்தையாரும் பூவிழியும் நானும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். அகிலன் மட்டும் குண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு முன்பே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். அடியைப் பெயர்த்தேன். இம்முறை தகடு ஒரே துண்டாக வந்தது. அதில் ஓர் ஓரத்தை ஒடித்து அவள் தட்டில் வைத்தேன்.

கடித்தாள். அந்தச் சத்தம் கூடம் முழுவதும் கேட்டது. இன்னொரு துண்டுக்கு, கேட்காமலே, தட்டை நீட்டினாள்.

“போச்சு” என்றான் அகிலன். “பங்குக்கு ஆள் வந்துருச்சு.”

தகட்டை நடுவில் ஒடித்து இருவருக்கும் சரிபாதி வைத்தேன். அவன் தன் பாதியைத் தூக்கி அளந்து பார்த்தான். போதவில்லை என்பது எனக்கும் தெரிந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அடுப்பைக் கூடுதலாக இரண்டு நிமிடம் எரிய விட வேண்டும்.